ஆகஸ்ட் முடியட்டும்

மசேரு,
2 மார்ச் 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

கெனுவே எழுதுகிறேன். நான் இருக்கிறேன், இரண்டு வேளை சாப்பிடுகிறேன், செருப்பு மட்டும்தான் அறுந்துவிட்டது. நீங்களும் என் குட்டி லினேயோவும் எப்படி இருக்கிறீர்கள்?

அப்பா, வேலை கிடைத்துவிட்டது! ஜீன்ஸ் தைக்கும் ஆலை. ஒன்பது நாள் வாசலில் நின்றேன். தினமும் இருநூறு பெண்கள் நிற்பார்கள். சூப்பர்வைசர் அம்மா வந்து வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்பாள்: "பிள்ளை இருக்கா? யார் பாத்துக்கறா?" எனக்கு முன்னால் நின்றவள், "பக்கத்து வீட்ல விட்டிருக்கேன்" என்றாள். "நீ போம்மா" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் முன்னால் ஒருத்தி "எனக்குப் பிள்ளையே இல்ல" என்று சாதித்தாள். பாவம், அவள் சட்டை பாலில் நனைந்திருந்தது.

என் முறை வந்தது. "எங்க அப்பா பாத்துக்கறார்" என்றேன்.

"அப்பாவா? ஆம்பளையா?"

"சுரங்கத்துல இருபத்து மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவரும்மா. களி கிண்டுவார், துணி துவைப்பார், சட்டைக்குப் பட்டன்கூடத் தைப்பார்."

"அப்ப அவரை அனுப்பு, நீ வீட்ல இரு" என்று சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டாள்.

ஆறு மாதம் சோதனைக் காலம். ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரம். அதுவரை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் என் நாற்காலியில் வேறொருத்தி. நிரந்தரமானால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்புக் கேட்கலாம். ஒரு அறை எடுத்து லினேயோவை அழைத்துக்கொள்வேன். அவள் அப்பன் சுரங்கத்துக்குப் போய் ஒன்றரை வருடம், ஒரு வரி கிடையாது. இனி அவனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? லினேயோவின் கன்னத்தைக் கடித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கெனுவே

---

ஹா லெபீசோ,
19 மார்ச்

என் மகள் கெனுவேக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீயும் இருப்பதாக உன் கடிதம் சொன்னது. மினிபஸ் டிரைவர் அதைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தான், வியர்வை நாற்றம் இன்னும் போகவில்லை.

வேலை கிடைத்ததைக் கேட்டு வீட்டுக்கு வெளியே வந்து மலையைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டு மாமோட்சே அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள், யாரோ செத்துவிட்டார்கள் என்று. அவளுக்கும் நாலு பேரப்பிள்ளைகள். இரண்டு மகள்களும் உன்னைப்போல் ஆலைக்குப் போனவர்கள்தானே.

உன் பெண் ராஜ்ஜியம் நடத்துகிறாள். நேற்று என் ஒரு காலணிக்குள் கூழை ஊற்றினாள். கூழ் கொடுக்கும்போது நான் முதலில் வாயில் வைத்துச் சூடு பார்த்து, அதே கரண்டியில் அவளுக்கு ஊட்ட வேண்டும். வேறு கரண்டி எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பீர் குடிக்கிற இடத்தில் என்னைப் பார்த்ததும் கேலிதான். "செயாபாட்டா, உனக்குப் பால் சுரக்குதாய்யா?" என்றான் மோலெஃபி. "சுரக்குது, உனக்கு வேணுமா?" என்றேன்.

இருமலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது கல் தூசி. பூமிக்கு அடியில் போய் வந்தவன் எவனுக்கு அது இல்லை? எங்களுக்குள் முகம்கூடப் பார்க்க வேண்டாம், இருமலை வைத்தே யார் வருகிறான் என்று சொல்லிவிடுவோம். தூசி என் நெஞ்சுக்குள் போனது, என்னோடு குழிக்குள் போகும். அது இன்னொருவருக்கு ஒட்டுகிற சரக்கு இல்லை. நீ ஊசியில் விரலைக் குத்திக்கொள்ளாமல் இரு.

உன் அப்பா,
செயாபாட்டா

---

மசேரு,
11 ஏப்ரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தேன். எங்கள் லைன் முழுக்கச் சிரித்தது. நீங்கள் நலம்தானே? லினேயோ ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

எனக்குப் பின்பாக்கெட் வேலை. ஒரு மணிக்கு நூற்றுப் பத்து தைக்க வேண்டும். நீல மாவு மூக்கெல்லாம் ஏறிக்கொள்கிறது, சளி சிந்தினால் நீலம். உங்களுக்குக் கல் தூசி, எனக்குத் துணித் தூசி, குடும்பத் தொழில்தான் போங்கள்.

பக்கத்து மெஷினில் லிகெலெலி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கிழவிக்குத் திடீரென்று கால் விளங்காமல் போய்விட்டது. இவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஓடிவந்தாள், அவள் இடத்தில் வேறு ஒருத்தி தைத்துக்கொண்டிருந்தாள். லிகெலெலி அழவில்லை. தன் கத்திரிக்கோலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பக்கத்திலிருந்த ட்லாலானே என் காதில் சொன்னாள்: "நமக்கு வேலை குடுக்கறது இந்த ஆலை இல்லடி. வீட்ல உக்காந்திருக்கற கெழடுங்கதான்."

அப்பா, நான் தைக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் நீங்கள்தான் தைக்கிறீர்கள். நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஜூன் வந்தால் குளிர்காலம். லினேயோ வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிதாகவே வாங்கினேன்.

உங்கள்,
கெனுவே

---

ஹா லெபீசோ,
16 மே

என் மகளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். பதில் தாமதமானதற்கு ஒன்றும் காரணமில்லை, பேனா தீர்ந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

சட்டை வந்தது. முழங்கால்வரை தொங்குகிறது, அதைக் கழற்றவே விடமாட்டேன் என்கிறாள்.

லினேயோவின் தடுப்பூசிக்காகக் கீழே கிளினிக்குக்கு நடந்தோம். போக மூன்று மணி, வர நாலு. சிஸ்டர் நல்ல பெண். நான் இருமுவதைப் பார்த்துவிட்டு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துத் துப்பச் சொன்னாள். எல்லாக் கிழவனுக்கும் கொடுக்கிறாளாம். பத்து நாள் கழித்து வரச் சொன்னாள். நேற்று போய்வந்தேன்.

இன்னொரு செய்தி. லினேயோ இப்போது தனியாகப் படுத்துக்கொள்கிறாள். அவளுக்கென்று ஆட்டுத்தோலைச் சுவரோரமாக விரித்துவிட்டேன். கரண்டியும் தனி. பெரிய மனுஷி ஆகிவிட்டாள்.

வேலையை மட்டும் பார். ஆகஸ்ட் முடியட்டும்.

உன் அப்பா

---

மசேரு,
30 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இரண்டு வயதில் தனியாகப் படுக்கிறாளா! ட்லாலானேவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவள் மகனுக்கு ஐந்து வயது, இன்னும் பாட்டியின் முதுகில்தான் தூக்கமாம்.

ஆனால் உங்கள் கடிதம் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? உங்களுக்கு எழுத இடம் போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதுவதுதானே வழக்கம். அந்த டப்பாவைப் பற்றி சிஸ்டர் என்ன சொன்னார்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

எழுதுங்கள் அப்பா.

கெனுவே

---

ஹா லெபீசோ,
20 ஜூன்

என் மகளுக்கு,

இருக்கிறோம். அங்கே உங்களுக்கும் குளிர்தானே, கழுத்தை மூடிக்கொள்.

இங்கே மலையில் நாலு நாளாகப் பனி கொட்டுகிறது. கதவைத் தள்ளித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. வறட்டியெல்லாம் ஈரம், அடுப்பு புகைகிறதே தவிர எரிவதில்லை. ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்துவிட்டேன்.

லினேயோ ஆட்டுத்தோலில் படுக்க மறுக்கிறாள். முதல் நாள் எழுந்து என்னிடம் வந்தாள், திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். மறுபடி வந்தாள், மறுபடி கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் தடவை பேசாமல் என் கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது. "தாத்தா, குளுருது" என்றாள். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உள்ளே விட்டேன். அன்று முதல் என் கம்பளிக்குள்தான் தூங்குகிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருமுகிறேன்.

கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். கடைவாய்ப் பல் வருகிறது, அதனால் இருக்கும்.

இன்னும் இரண்டு மாதம்தான். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா

---

ஹா லெபீசோ,
4 ஜூலை

மகள் கெனுவேக்கு,

பக்கத்து வீட்டு மாமோட்சே எழுதுகிறேன். உன் சுகத்தை விசாரிக்கிறேன், ஆனால் வளவளவென்று எழுத நேரமில்லை. உனக்கு எழுதமாட்டேன் என்று உன் அப்பாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

நேற்று சிஸ்டர் குதிரை ஏறி இந்தப் பனியில் உங்கள் வீட்டுக்கு வந்தாள். உன் அப்பாவுக்கு இருப்பது கல் தூசி மட்டும் இல்லை, டிபி. அவருக்கு மே மாதமே சொல்லியிருக்கிறாள். கீழே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் படுக்க வேண்டுமாம், பிள்ளையை உள்ளே விடமாட்டார்களாம். இவர் போகவில்லை. சிஸ்டர் வாசலில் நின்று கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

"தாத்தா, கொழந்தைக்கு ஒட்டிக்கும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"அப்புறம் ஏன் வரல?"

"எம் பொண்ணுக்கு ஆகஸ்ட் முடியணும் தாயே. அன்னைக்கே நானே நடந்து வரேன்."

பிள்ளையையும் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனாள். நடைவழியைப் பனி அடைத்திருக்கிறது, அந்த உடம்போடு அவர் எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பார்? நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல என் வாய் வரவில்லை மகளே. என் வீட்டில் நாலு குஞ்சுகள் ஒரே பாயில் கிடக்கின்றன, நோய் இங்கே வந்தால் என் மகள்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

லினேயோவும் இருமுகிறாள். சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. நீ வா, இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுது.

மாமோட்சே

---

மசேரு,
9 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

ஒரு மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. ஞாயிறும் வேலை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் பேனா நிற்கவில்லை.

மாமோட்சே அம்மா ஏதோ எழுதியிருந்தார், உங்கள் இருமல் கொஞ்சம் அதிகம் என்று. அவருக்கு எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கும் பழக்கம் உண்டு. சிறுமியாக இருந்தபோது எனக்கு வந்த அம்மையை ஊரே செத்துப்போகும் நோய் என்று சொல்லித் திரிந்தவர்தானே.

லினேயோவுக்கு இருமல் மருந்து ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், வேளைக்கு ஒரு மூடி. பால் பவுடரும் இருக்கிறது. ஜன்னல் சாக்கைப் பகலில் எடுத்துவிடுங்கள், வெயில் வரட்டும்.

சூப்பர்வைசர் நிரந்தரப் பட்டியலில் என் பெயரை எழுதியதை ட்லாலானே கண்ணால் பார்த்தாளாம். இன்னும் மூன்று வாரம். உங்களால் முடியும்தானே அப்பா? முடியும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கெனுவே

---

ஹா லெபீசோ,
17 ஆகஸ்ட்

என் மகளுக்கு,

இருக்கிறோம். முடியும்.

மருந்து கொடுக்கிறேன். லினேயோ இப்போதெல்லாம் தொந்தரவே கொடுப்பதில்லை. நாள் முழுக்கத் தூங்குகிறாள். காலணியில் கூழ் ஊற்றுவதில்லை. தலை வலிக்கிறது போலும், தூக்கினால் பின்னால் சாய்த்துக்கொள்கிறாள். வெளிச்சம் பிடிக்கவில்லை, அதனால் சாக்கை எடுக்கவில்லை.

நீ வராதே. பதினான்கு நாள்தான்.

அப்பா

---

ஹா லெபீசோ,
24 ஆகஸ்ட்

கெனுவே,

இதை டிரைவர் கையில் கொடுத்து ஆலை வாசலிலேயே உன்னைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

லினேயோவுக்கு இன்று காலை வலிப்பு வந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. உன் அப்பா அவளைக் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு மோலெஃபியின் குதிரையில் இறங்கிப் போயிருக்கிறார். குதிரையில் ஏறும்போது அவர் இருமியது பனியில் சிவப்பாக விழுந்தது. கிளினிக்கிலிருந்து மசேரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். முதலில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பார்.

மெஷினை நிறுத்திவிட்டு ஓடு மகளே.

மாமோட்சே

---

காசநோய் வார்டு, மாவட்ட ஆஸ்பத்திரி,
31 அக்டோபர்

என் மகள் கெனுவேக்கு,

நீ எனக்கு எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. லினேயோ பிழைத்துக்கொண்டாள் என்று மட்டும் சிஸ்டர் சொன்னாள். டிபி மூளைக்கு ஏறியதில் காது இனிக் கேட்காது என்பதையும் அவளேதான் சொன்னாள். ஒரு பக்கத்துக் கால் இழுக்கிறதாம். உன் வேலை போனதை மாமோட்சே எழுதினாள்.

நீ கேட்டாய், அந்த டப்பாவைப் பற்றி. அப்போது பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மே பதினைந்தாம் தேதி சிஸ்டர் எனக்கு நாற்காலி போட்டாள். "தாத்தா, இது தூசி இல்ல, டிபி. தூசி பிடிச்ச நெஞ்சுல இது சுலபமா வந்து உக்காந்துக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சுரங்கத்தில் எத்தனை பேர் இருமிச் செத்தார்கள்! எல்லாரையும் தூசி, தூசி என்றுதான் புதைத்தோம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவனுக்கும் வந்தால் அவன் தூசி வேறு என்றோம். நான் அதை நம்பினேன் கெனுவே. மார்ச்சில் உனக்கு எழுதியபோது அது பொய் இல்லை.

மே பதினைந்துக்குப் பிறகு எழுதியதெல்லாம் பொய்தான்.

"கொழந்தைய யாரு பாக்கறது?" என்று கேட்டேன். "அவ அம்மா வரணும்" என்றாள் சிஸ்டர். நான் சுரங்கத்தில் வெடி வைக்கிற வேலை பார்த்தவன். திரி பற்றியபிறகு ஓடுவதற்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று எண்ணத் தெரியும். அந்தத் திமிரில் எண்ணினேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அதற்குள் நீ நிரந்தரமாகிவிடுவாய், நான் இங்கே வந்து படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் உடம்பை வைத்து எண்ணினேனே தவிர, பிள்ளையின் உடம்பை நான் எண்ணவே இல்லை.

அவள் கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அன்று அவளை உள்ளே விட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். வெளியே விட்டாலும் குளிரில் சாவாள் என்று தோன்றியது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. இனி அவள் பக்கமே வரமாட்டேன். இங்கிருந்து விட்டால் மோலெஃபி தன் தொழுவத்தில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஒரு கிண்ணம் களிக்கு அவன் ஆடுகளைப் பார்த்துக்கொள்வேன்.

நீ இரு, மகளே. அவளும் இருக்கட்டும்.

செயாபாட்டா

---

ஹா லெபீசோ,
12 டிசம்பர்

அப்பா,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீங்கள் மாத்திரை போடுகிறீர்களா?

நான் எழுதாமல் இருந்தது கோபத்தினால் என்று நினைத்திருப்பீர்கள். முதல் மாதம் கோபம்தான். ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக்கொண்டு உங்களைத் திட்டாத வார்த்தை இல்லை. பிறகு வெட்கத்தினால் எழுதவில்லை.

மாமோட்சேயின் கடிதம் எனக்கு ஜூலை எட்டாம் தேதியே வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் நின்று படித்தேன். டிபி என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். நாலாக மடித்து உள்ளாடைக்குள் செருகிக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தேன். அன்று நூற்று முப்பது பாக்கெட் தைத்தேன். அதற்குமுன் அவ்வளவு தைத்ததே இல்லை. ஒரு மாதம் பதில் எழுதவில்லை, எழுதினால் வர வேண்டியிருக்கும் என்பதால். கடைசியில் எழுதியபோது அவர் ஊதிப் பெரிதாக்குகிறார் என்று எழுதினேன். "முடியும்தானே" என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் கேட்டேன் அப்பா. எனக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது.

ஆகவே தொழுவத்தில் போய்ப் படுப்பதாக இருந்தால் இரண்டு பேருமாகத்தான் படுக்க வேண்டும்.

லினேயோ நடக்கிறாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள், ஆனால் விழுவதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. முதலில் மறந்துபோய்க் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன், இப்போது தரையைத் தட்டுகிறேன், அதிர்வு தெரிந்து திரும்புகிறாள். பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. போன மாதம் எட்டு வார்த்தை சொல்வாள், இப்போது மூன்று. அதில் ஒன்று தாத்தா. வீட்டுக்குள் தேடுகிறாள்.

அவள் மாத்திரை வாங்க வாராவாரம் கிளினிக்குக்கு இறங்குகிறேன். வழியில் கீரை பறித்து விற்றுப் பார்த்தேன், மலையில் கீரையை யார் வாங்குவார்கள்? மாவு மூட்டையில் கை விட்டால் அடித் துணி தட்டுகிறது. மாமோட்சே ஒரு வேளை கொடுக்கிறார், அது அவருடைய நாலு பிள்ளைகளின் சோறு.

முந்தாநாள் ட்லாலானே ஆள் அனுப்பியிருந்தாள். ஆலையில் புது லைன் திறக்கிறார்களாம். சூப்பர்வைசர் அம்மா என் பாக்கெட்டுகளை மறக்கவில்லையாம், வரச் சொல்லியிருக்கிறாள். பழைய நாட்கள் செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம்.

இரண்டு நாள் யோசித்தேன். யாரையெல்லாமோ நினைத்துப் பார்த்தேன். காது கேட்காத, கால் இழுக்கிற பிள்ளையை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். சிஸ்டரிடம் கேட்டேன். இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒட்டாது, ஆனால் ஒரு நாள் விடாமல் போட வேண்டும் என்றார். "நெஞ்சு பாதி போயிடுச்சும்மா, தாத்தா ரொம்ப நாள் தாங்கமாட்டார்" என்றும் சொன்னார். "ஆறு மாசம் தாங்குவாரா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுத முடியாது.

இங்கே வந்ததும் நீங்கள் தினமும் காலையில் மாமோட்சேயின் முன்னால் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். பேசிவிட்டேன். உங்களை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேறு யாரும் இல்லை, அதனால் கேட்கிறேன்.

ஜனவரி பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு நான் ஆலை வாசலில் நிற்க வேண்டும். அதற்குமுன் லினேயோவிடம் வந்துவிடுங்கள்.

கெனுவே